நிலவுக்கு வழி கண்ட ஊரில் நடப்பவனுக்கு வழி இல்லை

2023-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று பிற்பகல் நம் ஊரார் எல்லோரும் கிழக்கே பார்த்து நின்றது நினைவிருக்கும். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. மாடிகளில் ஆள், மேம்பாலத்தில் ஆள், இரயில் நிலையத்து நடைமேடையில் ஆள். தெலுங்கர், தமிழர் என்ற வேற்றுமை இல்லாமல் கைதட்டினோம். ஆகஸ்ட் 23 அன்று அது நிலவில் இறங்கியபோது மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தூரம்! நாடே பெருமைப்பட்டது. நாமும் பெருமைப்பட்டோம்.

நிற்க.

அதே சூளூர்பேட்டையில், விடியற்காலைச் சென்னை வண்டியைப் பிடிக்க வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பெண், நிலையத்துக்குப் போய்ச் சேர எந்த ஓரமாக நடப்பது? சாலை ஓரத்தில் லாரி நிற்கிறது. லாரிக்கு அடுத்து சாக்கடை. சாக்கடைக்கு மேல் போட்ட பலகையில் பாதி உடைந்து கிடக்கிறது. ஆகவே அவள் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். இருட்டில் பின்னால் வருகிற வண்டியின் விளக்கு அவள் நிழலை முன்னால் நீட்டுகிறது. அந்த நிழல் சுருங்குவதைப் பார்த்து வண்டி எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஒதுங்குகிறாள். இது அன்றாடம் நடப்பது. நாள் தவறாமல் நடப்பதாலேயே யாருக்கும் இது ஒரு செய்தியாகத் தோன்றுவதில்லை.

இதை ஏன் நம் சங்கத்து ஏட்டில் எழுத வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். குடும்ப அட்டை, பள்ளியில் தமிழ் வகுப்பு, வீட்டு வாடகை, கூலி பாக்கி என்று நமக்கு ஆயிரம் பிரச்சினைகள் இருக்கையில் நடைபாதை ஒரு பிரச்சினையா? ஆம், பிரச்சினைதான் என்று நாம் சொல்கிறோம். காரணத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடப்பவர் யார்?

இந்த ஊருக்கு நாம் எப்படி வந்தோம்? இரயில்வே வேலைக்கு வந்தவர்கள் சிலர். ஸ்ரீஹரிகோட்டாவில் கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் சிலர். சாப்பாட்டுக் கடை, துணி மூட்டை, தையல் என்று பிழைக்க வந்தவர்கள் பலர். பிற்காலத்தில் தடை, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு கம்பெனி வேலைக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் ஏராளம். வந்தவர்களில் ஒருவர்கூடக் காரில் வந்து இறங்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நிலையத்திலிருந்து நடந்துதான் வந்தோம். இன்றும் நடந்துதான் போகிறோம்.

இரயிலில் போகிறவன் முதலில் நடக்கிறவன். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை ஆண்டு உட்கார்ந்திருக்கிற நமக்கு இது நன்றாகத் தெரியும். கம்பெனிப் பேருந்தில் போகிறவளும் அது நிற்கும் இடம் வரை நடக்கிறவள்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு முனையிலும் நடை உண்டு. இடையில் உள்ள பகுதிக்கு மட்டும் அரசாங்கம் தண்டவாளம் போடுகிறது, தார் போடுகிறது. இரண்டு முனையையும் விட்டுவிடுகிறது.

நாடு முழுவதும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். காரில் போகிறவர்களைவிட நடந்து போகிறவர்கள் பல மடங்கு என்று தெரிந்தது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டுக்கூட இல்லை. அந்த எட்டுக்காகச் சாலை போடுகிறார்கள். மிச்சம் தொண்ணூற்றிரண்டு அந்தச் சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறது. கார் வைத்திருப்பவர் மீது நமக்குக் கோபம் இல்லை. அவரும் காரை விட்டு இறங்கிய மறு நிமிடம் நடப்பவர்தான். சாலை யாருக்காகப் போடப்படுகிறது என்பதுதான் நம் கேள்வி.

ஒரு மரணமும் ஒரு மனுவும்

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். வந்தவாசிப் பக்கத்துக்காரர். தள்ளுவண்டியில் இட்லி விற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில், தண்ணீர்க் குடத்துடன் நெடுஞ்சாலையைக் கடந்தபோது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. பனியில் எண்ணை யாரும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் முகவரி எதுவும் இல்லாததால், பிற்பகல் வரை "அடையாளம் தெரியாத ஆண்" என்றே கிடந்தார். வண்டிக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் தெலுங்கு நண்பர்தான் அடையாளம் காட்டினார்.

காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தபோது." ஒரே வரி! அங்கே விளக்கு எரியவில்லை என்று எழுதவில்லை. கடப்பதற்குக் கோடு இல்லை என்று எழுதவில்லை. வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று எழுத வழியே இல்லை. செத்தவர் வாய் திறக்கப் போவதில்லை என்பதால் பழி முழுவதும் அவர் தலையில் ஏறியது.

பிறகு நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "வண்டி நம்பர் என்ன?" என்றார்கள். தெரியாது என்றோம். "அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா வெளியே வந்து நம்மிடம், "நம்பர் எழுதி வச்சிக்கிட்டா அண்ணே சாவான் மனுசன்?" என்று கேட்டார். பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை.

உண்மையில் பதில் இருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. அடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் நிவாரணம் உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதற்கு முன் வெறும் 25,000-மும் 12,500-மும்தான். வண்டி எண் தேவையில்லை. அதற்கென்று உள்ள வருவாய்த்துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டு, மனுப் போட்டு, எட்டு மாதம் அலைந்து, அந்தத் தொகையை வாங்கிக் கொடுத்தோம். தொகை வந்தது. மனிதர் வரவில்லை.

நம்மைப் போல அலைந்தவர்கள் எத்தனை பேர்? உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் இந்தக் கணக்கை எடுத்து வைத்தது. 2022-இல் அடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அதையொட்டிய 2022–23 நிதியாண்டில் நிவாரணம் கேட்டு வந்த மனுக்கள் நாடு முழுவதற்கும் 205. அவற்றில் பைசலானவை 95. திரும்பப் படியுங்கள் தோழர்களே! அறுபத்தேழாயிரத்துக்கு இருநூற்றைந்து! பணம் இல்லாமல் போகவில்லை, சட்டம் இல்லாமல் போகவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பார்க்கட்டும்.

பதிவேட்டில் ஏறாத உயிர்

நாம் குமாஸ்தா. பதிவேட்டில் ஏறாதது அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியாது என்பது நம் தொழில் கற்றுக் கொடுத்த பாடம்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். ஒரு நாளைக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர். இரயிலில் பழைய வகை இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள். அதாவது நிரம்பிய ஒரு பெட்டியும் அதற்கு மேலும் தினந்தோறும் சாகிறது!

உண்மையிலேயே ஓர் இரயில் பெட்டி கவிழ்ந்து 72 பேர் செத்தால் என்ன நடக்கும்? அமைச்சர் ஓடி வருவார். இரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணைக்கு வருவார். அவர் இரயில்வே நிர்வாகத்துக்கு உட்பட்டவர்கூட அல்லர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். சிக்னல் என்ன காட்டியது, தண்டவாளம் எப்படி இருந்தது, வண்டி என்ன வேகத்தில் வந்தது, வேலை நேரம் எத்தனை மணி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஓட்டுநர் தவறே ஆனாலும், அந்தத் தவறு நடக்க இடம் கொடுத்தது எது என்று தேடுவார். சாலையில் தொண்ணூறு பேர் தொண்ணூறு இடத்தில் தனித்தனியாகச் சாகிறார்கள். ஆகவே தொண்ணூறு எஃப்.ஐ.ஆர்., தொண்ணூறு "கவனக்குறைவு". சாலையை யாரும் விசாரிப்பதில்லை.

நம் இரயில்வேயிலும் இந்தப் பாவம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான குழு, தண்டவாளத்தைக் கடக்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் அடிபட்டுச் சாகிறார்கள் என்று சொன்னது. நிர்வாகம் அவர்களை "அத்துமீறி நுழைந்தவர்கள்" என்று எழுதி விபத்துக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடை என்றிருந்தால் மனிதன் கடக்காமல் என்ன செய்வான்?

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவலர் இல்லாத லெவல் கிராசிங்குகளில் பள்ளிப் பிள்ளைகளின் வேன்கள் நொறுங்கியபோது நாடு கொதித்தது. ஒவ்வொரு கிராசிங்கையும் எண்ணினார்கள். பணம் ஒதுக்கினார்கள். ஆள் போட்டார்கள், சுரங்கப்பாதை போட்டார்கள். 2019 ஜனவரியோடு அகலப் பாதையில் அப்படி ஒரு கிராசிங்கும் இல்லை என்ற நிலை வந்தது. பல தலைமுறையாக முடியாது என்று சொன்ன காரியம் சில ஆண்டுகளில் முடிந்தது. எண்ணினால் செய்ய முடியும் என்பதற்கு நம் இலாகாவே சாட்சி.

வேகம் என்னும் எமன்

சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16 நம் ஊரை ஒட்டிப் போகிறது. பெரியவர்களுக்கு அது இன்னும் ஜி.என்.டி. ரோடுதான். மாட்டு வண்டியும் மனிதனும் ஒன்றாகப் போன பாதை அது. ஊரே அந்தப் பாதையைப் பார்த்துத்தான் வளர்ந்தது. பிறகு அகலமாக்கினார்கள், நடுவில் தடுப்பு வைத்தார்கள், சுங்கச் சாவடி வைத்தார்கள். வண்டிக்குச் சுங்கம் வாங்கிக்கொண்டு வேகத்தை விற்கிறார்கள். நடப்பவன் சுங்கம் கட்டுவதில்லை, அதனால் அவன் வாடிக்கையாளன் அல்லன்.

நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். 2022-இல் இறந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர், அதாவது 61,038 பேர், அந்த இரண்டு பங்கில்தான் செத்தார்கள்.

வேகத்துக்கும் சாவுக்கும் உள்ள கணக்கை உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒருவர் மீது மோதினால் அவர் சாகக்கூடிய அபாயம் எவ்வளவோ, 65 கிலோமீட்டரில் அது நாலரை மடங்கு. பதினைந்து கிலோமீட்டர்தான் கூடியது! ஆகவே ஊர் இருக்கும் இடத்தில், பள்ளி இருக்கும் இடத்தில், நிலையம் இருக்கும் இடத்தில் வண்டியின் வேகம் முப்பதுக்கு இறங்க வேண்டும். பலகை வைத்தால் போதாது. பலகையை யார் மதிக்கிறார்கள்? சாலையின் அமைப்பே வண்டியை மெதுவாக்க வேண்டும். கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதையின் உயரத்துக்கு ஏற்றிப் போட்டால் எந்த ஓட்டுநரும் தானே பிரேக்கில் கால் வைப்பார்.

"நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்தாலும் நீங்கள் ஏறுவதில்லையே?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நிலையத்தில் தினமும் பார்க்கிற காட்சி நமக்குத் தெரியும். தலையில் கூடை, இடுப்பில் பிள்ளை, முழங்காலில் வலி. இந்த நிலையில் ஒருத்தி நாற்பது ஐம்பது படி ஏறி இறங்க வேண்டுமாம்! அவள் ஏறாதது ஒழுங்கீனமாம்! காரில் இருப்பவர் காலை ஒரு அங்குலம் அசைத்தால் வண்டி மெதுவாகும். ஒரு அங்குலம் அசைப்பவருக்கு வழி விட்டு, கூடைக்காரியை மாடி ஏறச் சொல்வது என்ன நியாயம்?

நடைபாதையும் பிழைப்பும்

இந்த இடத்தில் எச்சரிக்கையாகப் பேச வேண்டியிருக்கிறது. நடைபாதை வேண்டும் என்று கேட்டால் அதிகாரி முதலில் என்ன செய்வார்? பூக்காரியின் கூடையை எட்டி உதைப்பார். தள்ளுவண்டியைத் தூக்கி லாரியில் போடுவார். "நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்பார். நம்மவர்களில் பாதிப் பேர் நடைபாதையில் பிழைப்பவர்கள். நடப்பவனையும் விற்பவனையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது பழைய தந்திரம். அதற்கு நாம் பலியாகக் கூடாது.

தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. கணக்கெடுக்காமல் விரட்டக் கூடாது, நகர விற்பனைக் குழு அமைத்து இடம் ஒதுக்க வேண்டும், அந்தக் குழுவில் வியாபாரிகளும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதி, நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது, அதாவது ஆறு அடியாவது வேண்டும் என்கிறது. உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இல்லாவிட்டால் முதியவர் ஏற முடியாது. இந்த ஆறு அடியை விட்டு, அதன் ஓரத்தில் வியாபாரிக்கு இடம் கொடுக்க முடியும். நாள் முழுவதும் சும்மா நிற்கும் ஒரு கார் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். அதில் இரண்டு தள்ளுவண்டிகள் நிற்கலாம், இரண்டு குடும்பம் பிழைக்கலாம். அந்தக் காரை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

கோவையிலிருந்து கிளம்பிய வழக்கு

இனி ஒரு நல்ல செய்தி. கோயம்புத்தூரில் எலும்பு முறிவு மருத்துவராக இருக்கும் டாக்டர் எஸ். இராஜசேகரன், விபத்தில் நொறுங்கி வருபவர்களுக்கு நாள்தோறும் அறுவை செய்கிறவர், 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாங்கள் ஒட்டவைத்துக்கொண்டே இருக்க, நீங்கள் உடையவிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி என்பதுதான் அவர் வழக்கின் சாரம். 2014-இல் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. நாம் மேலே சொன்ன 67,387-க்கு 205 என்ற கணக்கு வெளிவந்ததும் இந்த வழக்கில்தான். வண்டி எண் தெரியாத விபத்துகளில் நிவாரணத் திட்டத்தைப் பற்றிப் போலீசாரே குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது உத்தரவாயிற்று. தொகையை உயர்த்துவது பற்றி யோசிக்கும்படியும் மத்திய அரசுக்குச் சொன்னார்கள்.

2025 மே 14 அன்று அதே வழக்கில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் இன்னும் பெரிய ஒன்றைச் சொன்னார்கள். நடைபாதையில் நடக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றார்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதை இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருக்கக் கூடாது என்றார்கள். அவ்வாண்டு மே மாதத்திலேயே, சாலையில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை முன்பணம் இல்லாமல் சிகிச்சை தரும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் வழிப்போக்கரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. பயப்படாமல் தூக்குங்கள்!

இனி நாம் நகராட்சிக்குப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பிச்சை கேட்பவரின் குரல் வேறு, உரிமை கேட்பவரின் குரல் வேறு. ஆனால் தீர்ப்பு தானாக நடந்து வந்து நடைபாதை போடாது. எட்டு மணி நேர வேலை சட்டமாக இருந்தும் அதைக் கேட்டு வாங்கச் சங்கம் தேவைப்பட்டது போலத்தான் இதுவும்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

ஐரோப்பாவில் ஹாலந்து நாட்டைச் சொல்வார்கள், அங்கே எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள் என்று. பிறவியிலேயே அப்படி வந்தவர்கள் அல்லர் அவர்கள். 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தலைப்பிட்டு எழுதினார். அதையே பெயராக வைத்துத் தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தது, சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் தனிப் பாதை வந்தது. இன்று அங்கே வண்டிகள் பெருகிய பிறகும் ஆண்டுக்கு இறப்பவர்கள் எழுநூறு அளவுக்குத்தான். அரசாங்கம் தானாகத் திருந்தவில்லை, தாய்மார்கள் திருத்தினார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்குமான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை இதற்குச் செலவிட வேண்டும் என்றே எழுதிக்கொண்டது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையைத் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தோம். பட்டுப்புடவை வாங்க வருபவர்கள் நிழலில் நடக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் தொழிற்சாலை வாசல்களிலும் புறநகர் இரயில் நிலையங்களின் பின்வாசல்களிலும் அந்த நிழல் எப்போது விழும்?

அவ்வளவு தூரம் ஏன்? நம் மாவட்டத்துத் திருமலைக்கே போவோம். 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து பிரித்து நம்மைத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள் அல்லவா? அலிபிரியிலிருந்து மலை ஏறும் பாதையில் 3,550 படிகள். ஏறுபவர் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. வழியில் விளக்கு, குடிநீர், கழிப்பறை இருக்கின்றன. நடந்து ஏறுபவரைத் தேவஸ்தானம் தனியாக எண்ணி டோக்கன் கொடுத்து வந்திருக்கிறது. பாருங்கள், எண்ணினார்கள், ஆகவே கூரை வந்தது! அதே பக்தர் புரட்டாசி மாதம் சென்னையிலிருந்து மலையடிவாரம் வரை நடந்து வருகையில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒதுங்க ஒரு முழம் இடம் இல்லை. மலைமேல் நடப்பவனுக்கு மரியாதை, சமவெளியில் நடப்பவனுக்கு மரணமா?

என்ன செய்யப் போகிறோம்?

"வந்த இடத்தில் நமக்கு ஏன் வம்பு? ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நம்மவரே சிலர் சொல்கிறார்கள். மோதும் வண்டி மொழி கேட்டு மோதுவதில்லை. நம் உறுப்பினர் செத்த அதே இடத்தில் செங்காளம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தெலுங்கு மூதாட்டியும் அடிபட்டார். நாம் தனியாகக் கேட்டால் அது வந்தவன் கோரிக்கை. சேர்ந்து கேட்டால் ஊர்க் கோரிக்கை. ஆகவே மனுவைத் தெலுங்கில் எழுதுவோம். ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தையும் தெருவோர வியாபாரிகளையும் பள்ளிப் பெற்றோரையும் கூப்பிடுவோம்.

நம் கோரிக்கைகள்:

1. இரயில் நிலையம், பேருந்து நிலையம், பள்ளிகள், கோயில் ஆகியவற்றின் அருகே உயர்த்திப் போட்ட கடவுப் பாதை வேண்டும். அங்கே வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

2. நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு சாலையிலும் ஒரு பக்கமாவது ஆறு அடி நடைபாதையும், விடியும் வரை எரியும் விளக்கும் வேண்டும்.

3. வியாபாரிகளைக் கணக்கெடுத்து, சட்டப்படி இடம் ஒதுக்கிய பிறகே நடைபாதை வேலையைத் தொடங்க வேண்டும்.

4. வண்டி எண் தெரியாத விபத்துக்கும் நிவாரணம் உண்டு என்ற விவரத்தைக் காவல் நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும்.

5. நடப்பவர் இறந்தால் சாலையையும் விசாரிக்க வேண்டும். விளக்கு, கோடு, வேகம் மூன்றையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

கோரிக்கையோடு நிற்கப் போவதில்லை. வரும் மாதத்தில் ஒரு வேலை நாளன்று, விடியற்காலை நாலரை முதல் எட்டு வரையிலும் மாலை ஐந்து முதல் ஒன்பது வரையிலும், ஊரின் முக்கியமான கடவுகளில் இருவர் இருவராக நிற்கப் போகிறோம். கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில். நடந்து கடப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. பெண்ணுக்குத் தனி, பிள்ளைக்குத் தனி, சுமை தூக்கி வருபவருக்குத் தனி. கார்களையும் எண்ணுவோம். ஏமாற்ற வேண்டியதில்லை, உண்மைக் கணக்கே போதும். அந்த நோட்டை நகராட்சி ஆணையரிடமும் நெடுஞ்சாலை ஆணைய அதிகாரியிடமும் ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்போம். இதுவரை எங்கள் கோப்பில் நடப்பவர் எவரும் இல்லை என்று இனி அவர்கள் சொல்ல முடியாது. எண்ண வர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோடு போடத் தெரிந்தால் போதும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். சங்க உறுப்பினர் அட்டையின் பின்புறம் வீட்டு முகவரியையும் சொந்த ஊரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதிச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பிழைக்க வந்த ஊரில் நம்மில் ஒருவர்கூட இனி அடையாளம் தெரியாதவராகக் கிடக்கக் கூடாது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அடுத்த ராக்கெட் கிளம்பும். அன்றும் நாம் கிழக்கே பார்த்துக் கைதட்டுவோம், சந்தேகமில்லை. கைதட்டிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப ஆறு அடிப் பாதை கேட்கிறோம். கொடுக்கும் வரை கேட்போம்!